ஒலியைச் சதுரமாக்கினால் என்ன மிஞ்சும்?

ஒருவர் மைக் முன் பேசும்போது அதிலிருந்து வரும் மின்னழுத்தத்தை ஆசிலோஸ்கோப் திரையில் பார்த்தால், ஓயாமல் உருமாறும் ஒரு கோடு தெரியும். ‘ஆ’ என்று நீட்டினால் உயரமான மேடுகள் ஒரே தினுசில் திரும்பத் திரும்ப வரும். ‘ஸ்’ என்று சீறினால் அலை குட்டையாகி, நெருக்கமான கிறுக்கலாக மாறும். ‘ப’ என்று உதடு பிரியும் இடத்தில் ஒரு கண நிசப்தமும் அதையடுத்து ஒரு சிறு வெடிப்பும் இருக்கும். இந்த மேடு பள்ளங்களில்தான் பேச்சு முழுவதும் அடங்கியிருக்கிறது என்று நினைப்பது இயல்பு. அப்படியானால், அவற்றை எல்லாம் மட்டமாக வெட்டி எறிந்துவிட்டு, கோடு நடுமட்டத்துக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதை மட்டும் வைத்துக்கொண்டால் பேச்சு அழிந்துபோக வேண்டும். மேலே இருக்கும்போதெல்லாம் 5 வோல்ட், கீழே இருக்கும்போதெல்லாம் 0 வோல்ட், இடையில் எதுவும் கிடையாது. இப்படிப் பிறக்கும் சதுர அலையை ஸ்பீக்கருக்கு அனுப்பிக் கேட்டால் குரல் கரகரக்கிறது, காதுக்கு இதமாக இல்லை. ஆனால் பேசியது புரிகிறது. ஒலியில் நமக்கு வேண்டிய செய்தியின் பெரும்பகுதி, அலை எவ்வளவு உயர்ந்தது என்பதைவிட எப்போது நடுக்கோட்டைக் கடந்தது என்பதில் இருக்கிறது என்பதே இந்த அத்தியாயத்தில் நான் நிறுவ முயலும் வாதம். அதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு. அந்த நிபந்தனை எங்கே மீறப்படுகிறதோ அங்கே சதுர அலை தோற்றுப்போகும். தோற்கும் இடத்தையும் ஒளிக்காமல் பார்க்கப் போகிறோம்.

முதலில் சர்க்யூட். கம்பாரேட்டர் எனப்படும் ஐ.சி. செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான்: தன் இரண்டு உள்ளீடுகளில் எதன் மின்னழுத்தம் அதிகம் என்று சொல்வது. எட்டுக் கால்கள் கொண்ட எல்எம்393 என்ற ஐ.சி.யில் இப்படி இரண்டு கம்பாரேட்டர்கள் உள்ளன. சென்னை ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். எட்டாவது காலில் 5 வோல்ட், நான்காவது காலில் கிரவுண்ட். இரண்டாவது காலை 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே இரண்டு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் பிடித்து வைத்தால், அது 2.5 வோல்ட்டில் நிற்கும். ஒலியை 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாக அதே காலுக்குக் கொடுக்க வேண்டும். நிலையான மின்னழுத்தத்தைத் தடுத்து, அலையை மட்டும் உள்ளே விடுவது கெப்பாசிட்டரின் பொறுப்பு. இந்த மதிப்புகளுக்குச் சுமார் 32 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகள் தடையில்லாமல் போகும். மூன்றாவது காலை இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் இன்னொரு 2.5 வோல்ட்டில் நிறுத்துகிறோம். வெளியீடு முதலாவது கால். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். இந்த ஐ.சி.யால் வெளியீட்டைக் கீழே இழுக்க மட்டுமே முடியும், மேலே தள்ள முடியாது. ஆகவே முதலாவது காலுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை நாமே போட வேண்டும். அதை மறந்தால் சர்க்யூட் செத்தது போலக் கிடக்கும். 741 ஆப்-ஆம்ப்பை வைத்தும் இதே வேலையைச் செய்யலாம். ஆனால் அதன் வெளியீடு மைக்ரோ நொடிக்கு அரை வோல்ட் வேகத்தில்தான் நகரும். 12 வோல்ட் ஏற 24 மைக்ரோ நொடி ஆகும் என்பதால் சதுரத்தின் சுவர்கள் சரிந்து நிற்கும்.

இவ்வளவோடு நிறுத்தினால் ஒரு தொல்லை வரும். பேச்சு ஓய்ந்த நேரத்தில் இரண்டு உள்ளீடுகளும் 2.5 வோல்ட்டில் ஏறக்குறையச் சமமாக நிற்கும். அப்போது ரெசிஸ்டரின் வெப்ப இரைச்சலும் பக்கத்துக் கம்பியிலிருந்து தொற்றும் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் சேர்ந்து கம்பாரேட்டரை மாற்றி மாற்றிச் சொடுக்கும். ஒரு மில்லிவோல்ட் இரைச்சலும் 5 வோல்ட் சதுரமாகவே வெளிவரும் என்பதால், மௌனம் முழுவதும் முழக்கமாகிவிடும். இதற்கு மருந்து, முதலாவது காலுக்கும் மூன்றாவது காலுக்கும் இடையே போடும் 10 லட்சம் ஓம் ரெசிஸ்டர். வெளியீடு மேலே இருக்கும்போது அது ஒப்பீட்டு மட்டத்தைச் சற்று மேலே தூக்கும். கீழே இருக்கும்போது சற்றுக் கீழே இறக்கும். நம் மதிப்புகளுக்கு இரண்டு மட்டங்களுக்கும் இடையே ஏறத்தாழ 25 மில்லிவோல்ட் இடைவெளி கிடைக்கிறது. அந்த இடைவெளிக்குள் அலையும் இரைச்சலால் வெளியீட்டைப் புரட்ட முடியாது. இந்த ஏற்பாட்டுக்கு ஸ்மிட் ட்ரிக்கர் என்று பெயர். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆட்டோ ஸ்மிட் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, 1934இல், வெற்றிடக் குழாய்களைக் கொண்டு இதை உருவாக்கினார். 1938இல் கட்டுரையாக வெளியிட்டார். அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது கணவாயின் நரம்பை. நரம்பு ஒரு வரம்பைத் தாண்டும்வரை பேசாமல் இருந்து, தாண்டியதும் முழு வீச்சில் துடிக்கும். அந்தக் குணத்தை மின்சுற்றில் கொண்டுவரப் பார்த்ததன் விளைவே இந்த ட்ரிக்கர். நரம்புக்கும் சதுர அலைக்கும் உள்ள இந்த உறவு தற்செயலானதல்ல, பின்னர் அதற்கே திரும்பி வருவோம்.

இப்போது சான்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயங்கிய உளவியல்-ஒலியியல் ஆய்வகம், இரையும் விமானத்துக்குள் பேச்சு எப்படிக் கேட்கிறது என்பதை ஆராய்ந்தது. ரேடியோ டிரான்ஸ்மிட்டரின் திறனுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. பேச்சில் அங்கங்கே எழும் உயரமான மேடுகளுக்காக அந்த வரம்பை ஒதுக்கி வைத்தால் மற்ற நேரமெல்லாம் திறன் வீணாகிறது. மேடுகளை வெட்டிவிட்டால் எஞ்சியதைப் பெருக்கி அனுப்பலாம். எவ்வளவு வெட்டலாம் என்பதே கேள்வி. ஜே.சி.ஆர். லிக்லைடர் என்ற உளவியலாளர் இதற்கு 1946இல் வெளியிட்ட விடை அசாத்தியமானது: எவ்வளவு வெட்டினாலும் பரவாயில்லை. 1948இல் அவரும் அர்வின் பொல்லாக்கும் வெட்டுவதை அதன் எல்லைவரை கொண்டுபோய், நம் சர்க்யூட் செய்வதைப் போலவே முழுச் சதுரமாக்கினார்கள். கேட்டவர்களுக்குச் சொற்கள் புரிந்தன. அலையைச் சதுரமாக்குவதற்கு முன் அதன் உயர் அதிர்வெண்களைத் தூக்கிக் கொடுத்தபோது, ஏறத்தாழப் பத்துச் சொற்களில் ஒன்பதைச் சரியாகப் பிடிக்க முடிந்தது. (இதே லிக்லைடர்தான் பின்னாளில், 1962இல், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆர்ப்பா அமைப்பில் கணினி ஆராய்ச்சிக்குப் பொறுப்பேற்று, கணினிகளை வலையாக இணைக்கும் எண்ணத்தை விதைத்தவர்.)

என் பார்வையில், அந்த ஆய்வின் மிக வலுவான பகுதி இன்னொன்று. லிக்லைடர் மேடுகளின் உச்சியை வெட்டியதோடு நிற்காமல், அதற்கு நேர்மாறாகவும் செய்து பார்த்தார். உச்சிகளை அப்படியே விட்டுவிட்டு, நடுக்கோட்டை ஒட்டிய பகுதியை மட்டும் நீக்கினார். குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டாத அலையெல்லாம் சுழியாகிவிடும். தாண்டியவை மட்டும் தீவுகளாக நிற்கும். அலையின் உயரத்தில்தான் செய்தி இருக்கிறது என்றால் இந்த முறைதான் பேச்சை நன்றாகக் காப்பாற்றியிருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். நடுப்பகுதியில் கொஞ்சம் வெட்டினாலே பேச்சு சிதைந்தது. உச்சியை முழுக்க இழந்தும் பிழைக்கும் பேச்சு, நடுவில் சிறிது இழந்தாலும் பிழைப்பதில்லை. சதுர அலை ஏதோ ஒருவகையில் அதிர்ஷ்டவசமாகப் புரிகிறது என்று சொல்பவர்களுக்கு இந்த எதிர்ச்சோதனை போதுமான பதில்.

ஏன் இப்படி? உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் வலிமையில் சமமானவை அல்ல. ‘ஆ’, ‘ஓ’ போன்றவை உரத்தவை. ‘ஸ்’, ‘த்’, ‘ப்’ போன்றவை அவற்றோடு ஒப்பிட்டால் மிக மெலிந்தவை. ஆனால் சொல்லை அடையாளம் காட்டுவதில் மெலிந்தவற்றின் பங்கு பெரிது. ‘பாடம்’, ‘மாடம்’, ‘வாடம்’ என்பவற்றில் வேறுபடுவது முதல் மெய் மட்டுமே என்பதை நினைத்துப் பாருங்கள். நடுவை வெட்டும்போது முதலில் சாவது இந்த மெலிந்த ஒலிகள். சதுரமாக்கும்போது அவையும் உயிரெழுத்தோடு ஒரே உயரத்துக்கு எழுகின்றன. இனி உயிரெழுத்துகளைப் பார்ப்போம். தொண்டையும் வாயும் சேர்ந்த குழாய், நாக்கின் நிலையைப் பொறுத்துச் சில அதிர்வெண்களை மட்டும் ஓங்கச் செய்கிறது. இவற்றை ஃபார்மண்ட் என்பார்கள். ஆண் குரலில் ‘ஈ’க்கு முதல் ஃபார்மண்ட் ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸிலும் இரண்டாவது 2,200 ஹெர்ட்ஸ் அருகிலும் இருக்கும், ‘ஆ’வுக்கு 700, 1,100 என்ற அளவில். இரண்டு அதிர்வெண்கள் கலந்த அலை எத்தனை முறை நடுக்கோட்டைக் கடக்கும் என்பதைத் தீர்மானிப்பது அவற்றில் வலிமையானது. முதல் ஃபார்மண்ட் வலிமையானது என்பதால் சதுர அலையில் அதுவே ஆதிக்கம் செலுத்தி, இரண்டாவதை மறைக்கப் பார்க்கும். உயர் அதிர்வெண்களை முன்கூட்டியே தூக்கிக் கொடுத்தால் இரண்டாவதும் கோட்டைக் கடக்கும் வலிமை பெறும். ஹார்வர்டில் புரிதல் உயர்ந்ததற்குக் காரணம் இதுதான். கணித மொழியில் சொன்னால் அவர்கள் அலையை வகையிட்டார்கள். வகையிட்ட அலை சுழியைக் கடக்கும் கணங்கள், மூல அலையின் ஒவ்வொரு மேட்டின் உச்சியும் ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் வந்த கணங்கள். அப்போதும் எவ்வளவு உயரம் என்பது தெரியாது. எப்போது என்பது மட்டுமே தெரியும். அதுவே போதுமானதாக இருந்தது.

இயற்பியல் படித்தவர் ஒருவர் இங்கே குறுக்கிடலாம். சதுர அலை என்பது அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் மூன்று, ஐந்து, ஏழு மடங்கு மேற்சுரங்களைக் கொண்டது. மூன்றாவது மேற்சுரத்தின் வீச்சு மூன்றில் ஒரு பங்கு, ஐந்தாவதன் வீச்சு ஐந்தில் ஒரு பங்கு. மூலத்தில் இல்லாத இவ்வளவு குப்பையைச் சேர்த்துவிட்டுச் செய்தி அழியவில்லை என்று எப்படிச் சொல்வது? கேள்வி நியாயமானது, ஆனால் கணக்குப் பார்த்தால் அச்சம் குறையும். ஒரு சைன் அலையைச் சதுரமாக்கினால் அதன் மொத்தத் திறனில் 81 விழுக்காடு அடிப்படை அதிர்வெண்ணிலேயே இருக்கும். எல்லா மேற்சுரங்களும் சேர்ந்து எஞ்சிய 19 விழுக்காடுதான். இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. 120 ஹெர்ட்ஸில் குரல்நாண் அதிரும் ஒருவர் ‘ஆ’ என்கிறார். அந்த அலை நொடிக்கு 120 முறை திரும்ப வரும் அலை. சதுரமாக்கிய பிறகும் அது நொடிக்கு 120 முறையே திரும்ப வரும். எனவே அதில் எந்தப் புதிய அதிர்வெண் பிறந்தாலும் அது 120இன் மடங்காகத்தான் இருக்க முடியும். அந்த இடங்களில் குரலின் சொந்த மேற்சுரங்கள் ஏற்கெனவே குடியிருக்கின்றன. வந்து சேரும் குப்பை, இருப்பவற்றின் அளவை ஏற்றி இறக்குகிறது. புதிய சுருதி எதையும் நுழைக்கவில்லை. குரல் கரகரப்பதற்கும் சொல் புரிவதற்கும் ஒரே நேரத்தில் இடம் இருப்பது இதனால்தான்.

அலையின் நேரத்தை மட்டும் நம்பி உயரத்தைக் கைவிடுவது பொறியாளர்கள் தெரிந்தே செய்துவரும் காரியம். 1982இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் வீட்டுக் கணினி தன் புரோகிராம்களைச் சாதாரண ஆடியோ கேசட்டில்தான் சேமித்தது. ‘0’ என்பதற்கு மொத்தம் ஏறத்தாழ 489 மைக்ரோ நொடி நீளும் அலை. ‘1’ என்பதற்கு அதன் இரு மடங்கு. கேசட்டிலிருந்து திரும்பி வரும் அலை நாடாவின் தேய்மானத்தாலும் வால்யூம் வேறுபாட்டாலும் உருக்குலைந்திருக்கும். கணினி அதைப் பொருட்படுத்தவில்லை. அதன் உள்ளீடு அலையை மேலா கீழா என்று மட்டும் பார்த்தது. இரண்டு மாற்றங்களுக்கு இடையே கழிந்த நேரத்தை எண்ணியது. பண்பலை வானொலியும் இதே வகை. அமெரிக்காவின் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1933இல் காப்புரிமை பெற்ற அந்த முறையில், ரிசீவருக்குள் லிமிட்டர் என்ற பகுதி வந்த அலையின் உயரத்தை வேண்டுமென்றே வெட்டித் தட்டையாக்குகிறது. மின்னலும் மோட்டாரும் கெடுப்பது உயரத்தைத்தான். பாட்டு இருப்பது கடக்கும் கணங்களின் நெருக்கத்திலும் விரிவிலும். இந்தியாவில் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977இல் சென்னையில் தொடங்கியது. அன்றுமுதல் இன்றுவரை அதில் கேட்ட ஒவ்வொரு பாட்டும் இப்படி உயரம் வெட்டப்பட்ட அலை ஒன்றின் மேலேறித்தான் வந்து சேர்ந்தது. அங்கே வெட்டப்படுவது பாட்டைச் சுமக்கும் அலை, பாட்டின் அலை அல்ல என்று ஒருவர் நினைவூட்டலாம். உண்மைதான். அந்த வேறுபாடே சதுர அலையின் எல்லையை நமக்குக் காட்டுகிறது.

அந்த எல்லை இசையில் வெளிப்படுகிறது. நம் சர்க்யூட்டுக்கு ஒற்றைப் புல்லாங்குழலைக் கொடுங்கள். சுரம் தெளிவாகக் கேட்கும், குழலின் இனிமை மட்டும் போய்விடும். வீணையின் கமகமும் பிழைக்கும், ஏனெனில் கமகம் என்பது சுருதியின் அசைவு. அசைவு என்பது கடக்கும் கணங்களின் மாற்றம். ஆனால் வாய்ப்பாட்டோடு சுருதிப் பெட்டியையும் சேர்த்துக் கொடுத்தால் நிலைமை வேறு. 400 ஹெர்ட்ஸும் 504 ஹெர்ட்ஸும் ஒன்றாக நுழைகின்றன என்று வைத்துக்கொள்வோம். சதுரமாகி வெளியே வரும்போது அவற்றோடு 296, 608 என்று யாரும் பாடாத, யாரும் வாசிக்காத அதிர்வெண்களும் சேர்ந்துவரும். முதலாவதன் இரு மடங்கிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 296. இரண்டாவதன் இரு மடங்கிலிருந்து முதலாவதைக் கழித்தால் 608. இவற்றின் குட்டிகளும் பேரக்குட்டிகளும் இன்னும் உண்டு. இவை எந்தச் சுரத்தின் மேற்சுரமாகவும் பொருந்தாமல் உரசும். எலெக்ட்ரிக் கிதார் கலைஞர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். 1962இல் விற்பனைக்கு வந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் முதலாக, கிதாரின் அலையை முரட்டுத்தனமாக வெட்டும் பெடல்கள் ராக் இசையின் குரலையே மாற்றின. அவற்றை மிதித்துக்கொண்டு முழுக் கார்டு வாசித்தால் கூழாகிவிடும் என்பதால் ஒற்றைச் சுரமோ, அல்லது ச-ப இடைவெளியில் இரண்டு சுரங்களோ வாசிப்பார்கள். 2:3 என்ற விகிதத்தில் நிற்கும் 200, 300 ஹெர்ட்ஸ் சுரங்கள் பெறும் குட்டிகள் 100, 400, 500 என்று ஒரே குடும்பத்தில் அமைந்துவிடுவதால் காதை உறுத்துவதில்லை.

ஆகவே என் வாதத்துக்குரிய நிபந்தனையை இப்போது துல்லியமாகச் சொல்ல முடியும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு அலை மட்டும் இருந்தால், அல்லது இருப்பவை குறுகிய அதிர்வெண் பட்டைக்குள் அடங்கினால், கடக்கும் கணங்கள் போதும். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த பி.எஃப். லோகன் 1977இல் இதைக் கணிதமாகவே நிறுவினார். ஓர் அலையின் அதிர்வெண்கள் ஒரு ஸ்தாயிக்குள், அதாவது மேல் எல்லை கீழ் எல்லையின் இரு மடங்கைத் தாண்டாமல், அடங்கியிருந்து வேறு சில நிபந்தனைகளும் பொருந்தினால், அது சுழியைக் கடக்கும் கணங்களை மட்டும் வைத்து முழு அலையையும் திரும்பப் பெறலாம். மொத்தத்தில் எவ்வளவு உரக்க இருந்தது என்ற ஒரே எண் மட்டும் கிடைக்காது. மனிதப் பேச்சு தொலைபேசியில் செல்லும்போதுகூட 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ்வரை, மூன்று ஸ்தாயிக்கு மேல் பரந்திருக்கிறது. லோகனின் தேற்றம் அதற்கு நேராகப் பொருந்தாது. நம் சர்க்யூட்டில் குரல் கரகரப்பது அந்தப் பொருந்தாமையின் அளவு. பேச்சை முதலில் பல பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே சதுரமாக்கினால்? அதைத்தான் நம் காது செய்கிறது என்று சொல்வேன். உட்செவியின் நத்தைக்கூட்டில் ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கு இசைந்து அசைகிறது. ஜியார்ஜ் ஃபான் பேகேசி இந்த அசைவை நேரில் பார்த்து ஆராய்ந்ததற்காக 1961இல் நோபல் பரிசு பெற்றார். ஏறத்தாழ 3,500 உள் மயிர்ச்செல்கள் ஒவ்வொன்றும் தன் குறுகிய பட்டையைக் கேட்டு, சுமார் 30,000 நரம்பிழைகள் வழியாக மூளைக்குச் சேதி அனுப்புகின்றன. நரம்பின் துடிப்பு எப்போதும் ஒரே உயரம் கொண்டது. நொடிக்குச் சில ஆயிரம் அதிர்வுகள்வரை, துடிப்புகள் அலையின் ஒரு குறிப்பிட்ட கட்டத்தை ஒட்டியே எழுகின்றன. உரத்த ஒலி துடிப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டும் என்பதால் உயரம் அடியோடு மறக்கப்படுவதில்லை. ஆனால் நேரம் கவனமாகக் காக்கப்படுகிறது. காது முதலில் பிரிக்கிறது, பிறகு துடிப்பாக்குகிறது. நம் சர்க்யூட் பிரிக்காமலே சதுரமாக்குகிறது. சுருதிப் பெட்டியும் குரலும் அதில் மோதிக்கொள்வதற்கு இந்த வரிசை வேறுபாடே காரணம்.

இழந்ததை அளந்து திருத்தவும் முடியும் என்பதற்கு வானியலில் அழகான சான்று உண்டு. ஹார்வர்டில் போர்க்காலத்தில், எதிரியின் ரேடாரைக் குழப்ப அனுப்பும் இரைச்சலை வெட்டினால் என்ன ஆகும் என்று ஜான் வான் ஃபிளெக் 1943இல் கணக்கிட்டார். பின்னாளில் 1977இல் இயற்பியல் நோபல் பெற்றவர் அவர். முழுச் சதுரமாக வெட்டிய இரைச்சலிலிருந்து மூல இரைச்சலின் நிறமாலையைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சமன்பாடு போதும் என்று அவர் காட்டினார். சாண்டர் வைன்ரெப் அதைப் பயன்படுத்தி, வானிலிருந்து வரும் ரேடியோ அலையை மேலா கீழா என்று மட்டும் பதியும் ஒரு-பிட் கருவியை எம்.ஐ.டி.யில் கட்டினார். 1963இல் அந்தக் கருவியைக் கொண்டு அவரும் சகாக்களும் விண்மீன்களுக்கிடையே ஹைட்ராக்சில் மூலக்கூறு இருப்பதைக் கண்டறிந்தார்கள். ரேடியோ அலையில் அடையாளம் காணப்பட்ட முதல் விண்வெளி மூலக்கூறு அது. சதுரமாக்கியதற்குக் கொடுத்த விலை, உணர்திறன் 64 விழுக்காடாகக் குறைந்தது. ஆகவே ஏறத்தாழ இரண்டரை மடங்கு நேரம் உற்றுப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து மின்னணுவில் அது மலிவான விலை.

கடைசியாக ஓர் ஆட்சேபம். மேல்-கீழ் என்ற இரண்டே நிலைகள் போதுமென்றால் சி.டி.யில் ஒவ்வொரு மாதிரிக்கும் 16 பிட் எதற்கு? சி.டி. நொடிக்கு 44,100 முறை மட்டுமே அலையைப் பார்க்கிறது. இரண்டு பார்வைகளுக்கு இடையே 22.7 மைக்ரோ நொடி. எப்போது என்பதை அவ்வளவு பரும்படியாகக் குறித்தால், எவ்வளவு என்பதை நுணுக்கமாகக் குறித்தாக வேண்டும். நம் கம்பாரேட்டரோ எந்தக் கணத்திலும் புரளலாம். நேரத்தை நுணுக்கமாக வைத்துக்கொண்டால் உயரத்தையே நேரமாக மாற்றி எழுதவும் முடியும். மூன்றாவது காலில் அசையாத 2.5 வோல்ட்டுக்குப் பதிலாக, ஒலியைவிடப் பன்மடங்கு வேகமான முக்கோண அலை ஒன்றைக் கொடுங்கள். இப்போது வெளியீடு ஒவ்வொரு முக்கோணத்துக்கும் ஒருமுறை ஏறி இறங்கும். ஒலியின் மட்டம் உயர உயரச் செவ்வகத்தின் அகலம் கூடிக்கொண்டோ குறைந்துகொண்டோ போகும். ஒரு சாதாரண வடிகட்டி அந்த அகலங்களைச் சராசரியாக்கினால் மூல ஒலி அதன் உயர வேறுபாடுகளோடு திரும்பிவிடும். இன்றைய புளூடூத் ஸ்பீக்கர்கள் பலவற்றிலும் உள்ள கிளாஸ்-டி பெருக்கி வேலை செய்வது இப்படித்தான், சில நூறு கிலோஹெர்ட்ஸ் வேகத்தில். டிரான்சிஸ்டர் முழுக்கத் திறந்தோ முழுக்க மூடியோ இருப்பதால் சூடாகி வீணாகும் மின்சாரம் மிகக் குறைவு. 1999இல் வந்த சூப்பர் ஆடியோ சி.டி.யும் நொடிக்கு 28 லட்சத்துக்கு மேற்பட்ட ஒற்றைப் பிட்களாகவே இசையைப் பதிந்தது. எல்எம்393 இந்த வேகங்களுக்குத் தாங்காது, அது புரளவே ஒரு மைக்ரோ நொடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். ஆனால் செய்யும் வேலையின் சாரம் ஒன்றுதான். எதோடு ஒப்பிடுகிறோம் என்பது மாறும்போது, அதே சதுர அலை கரகரத்த குரலாகவும் இருக்க முடியும், நல்ல சங்கீதமாகவும் இருக்க முடியும்.

ஹார்வர்டின் சோதனைகள் ஆங்கிலச் சொற்களை வைத்து நடந்தவை. தமிழுக்கு ஒரு தனிக் கேள்வி எஞ்சுகிறது. ல, ள, ழ என்ற மூன்றையும் பிரித்துக் காட்டுவதில் மூன்றாவது ஃபார்மண்டுக்குப் பெரும் பங்கு உண்டு. ‘ழ’வில் அது இறங்கி இரண்டாவதன் பக்கத்தில் வரும். மெலிந்த அந்த மூன்றாவது ஃபார்மண்ட், வலிய முதலாவதோடு போட்டியிட்டு நடுக்கோட்டைக் கடப்பது கடினம். எனவே வலி-வளி-வழி, கலை-களை-கழை, வால்-வாள்-வாழ் போன்ற சொற்களில்தான் சதுர அலை அதிகம் தடுமாறும் என்பது என் கணிப்பு. உயர் அதிர்வெண்களைத் தூக்கிக் கொடுத்தால் தடுமாற்றம் குறைய வேண்டும். அதற்கு நம் சர்க்யூட்டில் மாற்ற வேண்டியது ஒரே ஒரு பொருள்: 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை எடுத்துவிட்டு 0.001 மைக்ரோஃபாரட் போட்டால், சுமார் 3,000 ஹெர்ட்ஸ்வரை அது வகையிடும் சுற்றாகிவிடும். பேச்சு மெலியும் என்பதால், பதிவுசெய்த பேச்சைச் சர்க்யூட்டுக்கு அனுப்பும் செல்போனின் வால்யூமைக் கூட்டிக்கொள்ளுங்கள். வெளியீட்டின் 5 வோல்ட்டை நேராகப் பெருக்கிக்குக் கொடுக்காமல் 100 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் குறைத்துக் கொடுங்கள். பள்ளி, கல்லூரி ஆய்வகத்தில் இந்தச் சொற்களை வரிசை மாற்றிப் பதிவுசெய்து, வகுப்பில் ஒவ்வொருவரும் தாம் கேட்டதை எழுதட்டும். முதலில் பெரிய கெப்பாசிட்டரோடு, பிறகு சிறிய கெப்பாசிட்டரோடு. இரண்டு விடைத்தாள்களையும் ஒப்பிட்டால் என் கணிப்பு சரியா தவறா என்பது அந்த வகுப்பிலேயே தெரிந்துவிடும். இதைப் படிக்கும் ஆசிரியர்கள் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.